விறைக்காத கைக்குட்டை

கஞ்சி என்பது அவளுக்கு வேலையால் வந்த பெயர். அந்தச் சலவை நிலையத்தில் விடுதிகளின் மேசைவிரிப்பு, டாக்டர்களின் வெள்ளை அங்கி, சட்டைக் காலர் என்று எதுவானாலும் கஞ்சி போட்டு விறைக்க வைப்பது அவள் பொறுப்பு. காய்ந்த துணியை விரலால் ஒரு சுண்டு சுண்டினாலே கஞ்சி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆளும் கொஞ்சம் விறைப்புதான். மனதில் பட்டதை நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிடுவாள், அதுவே அவளுக்கு வினையாகவும் வந்து சேர்ந்தது.

நிலையத்தின் முதலாளி அவளுடைய நாத்தனார், புருஷனுக்கு அக்கா. புருஷன் அங்கே வேன் ஓட்டினான்; அழுக்கை வாங்கி வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன் வேலை. நாத்தனாருக்குத் தொண்டை பெரிது. இயந்திரங்கள் பத்து ஓடினாலும் அவள் குரல்தான் மேலே கேட்கும். இந்த அம்மாளிடம் எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று எதிர்ச்சாரியில் இன்னொரு சலவைக்கடை வைத்திருந்தவர் இரண்டு முறை கஞ்சியைக் கேட்டுவிட்டார். "நம்ம கடைக்கு வந்துடும்மா, உன் கைக்கு ஒரு மரியாதை இருக்கும்." குடும்பம் என்று ஒன்று இருக்கிறதே என்று அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். குடும்பமாம், குடும்பம்!

ஒருநாள் மத்தியானம் நாற்பது படுக்கை விரிப்புகள் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. வெள்ளைத் துணியோடு யாரோ ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுவிட்டார்கள். அந்த யாரோ நாத்தனார்தான். அந்தத் துணியை அவள் அள்ளிப் போட்டதைக் கஞ்சி தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். ஆனால் நாத்தனார் எல்லோரையும் கூட்டி நிறுத்தி, பழியைத் தூக்கிக் கஞ்சியின் தலையில் கட்டினாள். கஞ்சி சும்மா இருந்திருக்கலாம். "அண்ணி, துண்டு உங்களோடது. ஓரத்துல உங்க பேரு தச்சிருக்கு பாருங்க" என்று ஈரத் துண்டை விரித்துக் காட்டினாள். துணி மடிப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நாத்தனார், கஞ்சி தனியாக நின்றிருந்த துணி பிழியும் இயந்திரத்தின் பக்கம் வந்தாள். இரண்டு கையாலும் ஒரே தள்ளு. இயந்திரத்தின் எஃகு மூடி திறந்திருந்தது. அதன் விளிம்பு கஞ்சியின் இடது புருவத்துக்கு மேலே இடித்தது. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது புருஷன் முகம். கையில் வேன் சாவி. அவள் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். நல்லவேளை, இவர் வந்துவிட்டார் என்று அந்த மயக்கத்திலும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே கூட்டம். அங்கிருந்த இளம் டாக்டர் புருவத்தில் மூன்று தையல் போட்டுக்கொண்டே எப்படி அடிபட்டது என்று கேட்டார். அவளுக்கு நாக்கு குழறியது. புருஷன்தான் பதில் சொன்னான்.

"தரை ஈரமா இருந்துச்சு டாக்டர். வழுக்கி விழுந்துட்டா."

"மயக்கம் போட்டாங்களா?"

"இல்ல டாக்டர், அதெல்லாம் இல்ல."

மயக்கம் இல்லையென்றால் தலையைப் படம் எடுக்க வேண்டியதில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள். "உங்க அக்காதாங்க தள்ளிவிட்டாங்க." அவன் அவளைப் பாவமாகப் பார்த்தான். "அடிபட்ட தலை, ஏதேதோ தோணும். அக்கா அப்படிச் செய்யுமா? பேசாம தூங்கு." அவன் பதற்றத்தில் இருக்கிறான், அக்கா மேல் இருக்கும் பாசம் கண்ணை மறைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் நம்பவில்லை என்பதுதான் தையல் போட்ட இடத்தைவிட வலித்தது.

நாலாம் நாள் வேலைக்குப் போனாள். இஸ்திரி மேசை மேல் குனிந்தபோது இடது மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. சளியாக இல்லை, குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. நிமிர்ந்தால் நிற்கும், குனிந்தால் சொட்டும். படுத்தால் தொண்டைக்குள் இறங்கி உப்புக் கரிக்கும். எழுந்து நின்றால் மண்டை இடிக்கும், படுத்தால் தணியும். வெளுக்கும் மருந்துப் பீப்பாயைத் திறந்து மூக்கை வைத்தாலும் ஒரு வாசனையும் இல்லை.

சலவை நிலையத்தில் மூக்கு ஒழுகுவது ஒரு செய்தியே இல்லை. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசியால் அங்கே எல்லோருக்கும் வருஷத்தில் பாதி நாள் மூக்கு ஒழுகும். அதற்குப் பஞ்சுச் சளி என்று பெயரே உண்டு. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பஞ்சுச் சளிடி, சுடுதண்ணி குடி" என்றார்கள் மடிப்பவர்கள். கஞ்சியும் அப்படித்தான் நம்பினாள். வேறு எங்கே வேலை பார்த்திருந்தாலும், இடித்த நாலாம் நாள் ஒரு பக்க மூக்கில் தண்ணீர் சொட்டுகிறதே என்று யாராவது ஒருத்தர் துணுக்குற்றிருப்பார்கள்.

நாத்தனாருக்கோ கொண்டாட்டம். "கண்ணுல தண்ணி வரலைன்னதும் மூக்கால அழ ஆரம்பிச்சுட்டா பாருங்க" என்று தினமும் கூட்டம் சேர்த்துச் சொன்னாள். "நடிக்கிறதுல இது புது தினுசு." புருஷன் பக்கத்தில்தான் நிற்பான். தரையைப் பார்ப்பான்.

பத்தொன்பது நாள் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைப்பதற்காகத் தன் கைக்குட்டைகளை அள்ளியபோது கஞ்சியின் கை நின்றது. ஏழு கைக்குட்டை, ஏழும் மூக்கைத் துடைத்துக் காய்ந்தவை. சளி துடைத்துக் காய்ந்த துணி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அட்டை மாதிரி விறைத்து நிற்கும். இவற்றில் ஒன்றுகூட விறைக்கவில்லை. விரலால் சுண்டிப் பார்த்தாள். வெறும் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்ட மாதிரி மெத்தென்று மடிந்தன. இது சளி இல்லை. வேறென்ன என்று தெரியாது, சளி இல்லை என்பது மட்டும் சத்தியம்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஏழு கைக்குட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"பழைய காலத்து டாக்டர்ங்க இப்படித்தான்மா கண்டுபிடிப்பாங்க. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"கஞ்சி போடறதுதாங்க என் வேலை."

டாக்டர் அவளைக் குனியச் சொல்லி, சொட்டிய தண்ணீரைச் சின்னப் புட்டியில் பிடித்தார். பிடித்துக்கொண்டே விளக்கினார். மூளை தண்ணீரில்தான் மிதக்கிறது. அந்தத் தண்ணீரைச் சுற்றி ஒரு சவ்வு, அதற்கு வெளியே எலும்பு. மூக்குக்கு நேர் மேலே இருக்கும் எலும்பு மிக மெல்லியது, சல்லடைபோல் துளையுள்ளது. வாசனை நரம்புகள் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. அங்கே விரிசல் விட்டுச் சவ்வும் கிழிந்தால் மூளைத் தண்ணீர் மூக்கு வழியாக வரும்.

"தண்ணி போறது பெரிசில்லம்மா, உடம்பு திரும்ப ஊற வச்சுக்கும். அந்த ஓட்டை வழியா கிருமி மேல ஏறிச்சுன்னா மூளைக்காய்ச்சல். உசுருக்கே ஆபத்து. மூக்கைச் சிந்தாதே, முக்காதே, குனியாதே, தலையை உயர வச்சுப் படு. சில பேருக்குத் தானா மூடிக்கும். உனக்கு மூணு வாரம் ஆச்சு, இனி காத்திருக்க முடியாது."

பெரும்பாலும் மூளைத் தண்ணீரில் மட்டுமே இருக்கும் ஒரு புரதம் புட்டியில் இருந்ததாக முடிவு வந்தது. படத்தில் விரிசலும் தெரிந்தது. கஞ்சி அந்தப் படத்தையே வெறித்துப் பார்த்தாள்.

"டாக்டர், இதுல தள்ளிவிட்டாங்கன்னு தெரியுமா?"

"எலும்பு உடைஞ்சதைத்தாம்மா படம் காட்டும். யாரால உடைஞ்சதுன்னு காட்டாது."

அன்றைக்குத்தான் கஞ்சி கறுவத் தொடங்கினாள். போலீசு, பஞ்சாயத்து எதுவும் அவளுக்கு வேண்டாம். நாத்தனார் தன் வாயால், தம்பியின் முகத்துக்கு நேரே, நான்தான் தள்ளினேன் என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்கும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று அவள் பார்க்க வேண்டும். அது போதும்.

மூக்கு வழியாகவே கருவியை விட்டு, அவள் தொடையிலிருந்து எடுத்த சிறு சவ்வுத் துண்டை வைத்து ஓட்டையை அடைத்தார்கள். மருத்துவமனையில் நாத்தனார் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தாள். டாக்டர் மூளைக்காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஊசி என்றாலே ஒரு மைல் ஓடுகிறவள் அவள். கேட்கக் கேட்க முகம் வெளுத்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஞ்சி கண்ணை அரைவாசி மூடியிருந்தாளே தவிர தூங்கவில்லை. அந்த வெளுத்த முகத்தை நன்றாக மனதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். சொட்டு நின்றுவிட்டது. வாசனை திரும்பவில்லை, இனி வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் வீட்டில் காபி போட்டுக் கொடுத்தான், கனமான எதையும் தூக்க விடவில்லை. அந்தக் காபி வெறும் சூடாகத்தான் உள்ளே இறங்கியது. இதற்கெல்லாம் காரணமானவள் எதிரே நின்றுகொண்டு, "தரையை ஒழுங்கா துடைங்க, இவ மறுபடி வழுக்கிடப் போறா" என்று கத்துவாள். கஞ்சி பல்லைக் கடித்துக்கொள்வாள்.

துணி உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்வதும் கஞ்சியின் வேலைதான். அவள் இல்லாத இரண்டு மாதமும் யாரும் அதைத் தொடவில்லை. பஞ்சு மெத்தை அளவுக்குச் சேர்ந்து நிலையமே தும்மிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு புதன்கிழமை நாத்தனார் இயந்திரத்துக்குள் குனிந்து நிமிரும்போது கதவில் தலையை இடித்துக்கொண்டாள். வீக்கம்கூட இல்லை. மறுநாள் காலை அவள் கஞ்சியைத் தனியாக அலுவலக அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா, எனக்கு மூக்குல தண்ணி ஊத்துதும்மா. நேத்து ராத்திரியிலேர்ந்து. உனக்கு வந்த மாதிரியே."

"எந்தப் பக்கம் அண்ணி?"

"ரெண்டு பக்கமும்."

"அந்தக் கைக்குட்டையைக் குடுங்க."

இரவு துடைத்துக் காய்ந்திருந்த கைக்குட்டை அது. கஞ்சி கையில் வாங்கினாள். சுண்ட வேண்டிய அவசியமே இல்லை, அட்டையாக விறைத்திருந்தது. இரண்டு பக்கமும் ஒழுகல், பஞ்சுத்தூசி, விறைத்த துணி: சுத்தமான பஞ்சுச் சளி. வெறும் சளி அண்ணி, போய் வேலையைப் பாருங்க என்று சொல்ல அரை நிமிஷம் ஆகாது. கஞ்சி கைக்குட்டையை மெல்லத் தன் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க முதல்ல படுங்க" என்றாள்.

அலுவலக அறைச் சோபாவில் நாலு தலையணை அடுக்கி நாத்தனாரைச் சாய்த்து வைத்தாள். தனக்கு டாக்டர் சொன்ன சட்டதிட்டம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மூக்கைச் சிந்தக் கூடாது. குனியக் கூடாது. முக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கத்தவே கூடாது.

"கத்தினா என்னாகும்?" நாத்தனார் கிசுகிசுத்தாள்.

"அழுத்தம் ஏறும். ஓட்டை பெரிசாகும்."

"வேற ஏதாவது டாக்டர்கிட்ட இப்பவே..."

"போலாம் அண்ணி. சாதாரண சளின்னு மாத்திரை குடுத்து அனுப்புவாங்க. எனக்குக் குடுத்து அனுப்பலையா? என் டாக்டர் திங்கக்கிழமைதான் ஊர்லேர்ந்து வராங்க. அவங்களே பாக்கட்டும்."

டாக்டர் ஊரில் இல்லாதது உண்மைதான். அந்த நாலு நாளும் சலவை நிலையம் கண்டறியாத நிம்மதியில் இருந்தது. இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. நாத்தனார் பெட்டிப் பாம்பாகச் சோபாவில் கிடந்து, வேண்டியதையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினாள். மடிப்பவர்கள் பாட்டுப் பாடினார்கள். கஞ்சி மணிக்கொரு தரம் போய், "கழுத்து விறைப்பா இருக்கா அண்ணி? வெளிச்சம் பாத்தா கண்ணு கூசுதா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டு வருவாள். மூளைக்காய்ச்சலின் அறிகுறிகள் அவை. கேட்ட மாத்திரத்தில் நாத்தனாருக்குக் கழுத்தும் பிடித்துக்கொள்ளும், கண்ணும் கூசும். பத்தொன்பது நாளுக்கு நாலு நாள் எந்த மூலைக்கு என்று கஞ்சி நினைத்தாள். கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புருஷனையும் கூட்டிக்கொண்டு அலுவலக அறைக்குப் போனாள். வெளியே சில பேர் மட்டும் மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, நாளைக்கு டாக்டர் என் பேப்பரையும் உங்களதையும் பக்கத்துல வச்சுதான் பாப்பாங்க. அடி எப்படி விழுந்துச்சு, எவ்வளவு வேகம்னு கேப்பாங்க. என் பேப்பர்ல வழுக்கி விழுந்ததா எழுதியிருக்கு. அது தப்புன்னா உங்க வைத்தியமும் தப்பாப் போயிடும். இப்பவே சரியா சொல்லிடுங்க. நான் எப்படி விழுந்தேன்?"

கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று யோசிக்கிற நிலையில் நாத்தனார் இல்லை. நாலு நாள் பயம் அவளை ஊறவைத்த துணியாக்கியிருந்தது. தலையணையில் சாய்ந்தபடியே அழுதாள். அழுத்தம் ஏறிவிடுமே என்று அழுகையையும் பாதியில் பிடித்து நிறுத்தினாள்.

"நான்தான் தள்ளினேன்" என்றாள். "ரெண்டு கையாலயும். அந்தப் பாவம்தான் எனக்கும் அதே வியாதி வந்திருக்கு."

வந்துவிட்டது! மூன்று மாதமாகக் காத்திருந்த வார்த்தை. கஞ்சிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. சட்டென்று திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு நொடிக்காகத்தானே இத்தனையும்.

அவன் முகம் மாறவில்லை. கையிலிருந்த வேன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா ஊமை மாதிரி நிக்கிற?" நாத்தனாருக்குப் பயத்தோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. "எல்லாப் பாவத்தையும் நான் ஒருத்தியே சுமக்கணுமா? நீ கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த? தரை ஈரமா இருந்துச்சுன்னு சொல்லிக்கலாம்க்கான்னு முதல்ல சொன்னது யாரு? நீதானே?"

கஞ்சிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கண் விழித்ததும் முதலில் தெரிந்த முகம். வெளியே வேனில் இருக்க வேண்டியவன் அத்தனை சீக்கிரம் எப்படி வந்தான் என்று அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை. மயக்கம் போட்டாங்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றான். அந்த ஒரு பொய்தான் அன்றைக்கே எடுத்திருக்க வேண்டிய படத்தை எடுக்கவிடாமல் செய்தது. பத்தொன்பது நாள் அவள் மூளைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மூக்கில் வடிந்தபோது, அவன் தெரிந்துகொண்டே பக்கத்தில் நின்று தரையைப் பார்த்திருக்கிறான். அடிபட்ட தலை, ஏதேதோ தோணும் என்று அவளுக்கே சொல்லியிருக்கிறான்.

தள்ளியவளுக்குக் கோபமாவது இருந்தது. இவனுக்கு என்ன இருந்தது?

"சொல்லியிருந்தா அக்கா ஜெயிலுக்குப் போயிருக்கும்" என்றான் அவன், சாவியைப் பார்த்தபடியே. "நீ பொழைச்சுட்டதானே?"

கஞ்சி மேலங்கிப் பையிலிருந்து நாத்தனாரின் கைக்குட்டையை எடுத்தாள். மேசைமேல் ஓரமாக நிறுத்தி வைத்தாள். அது மடங்காமல் அட்டை மாதிரி நின்றது.

"எந்திரிங்க அண்ணி" என்றாள். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. பஞ்சுச் சளி."

நாத்தனார் கைக்குட்டையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். நாலு நாள் அடைத்து வைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது. "அடிப்பாவி!" என்று அவள் போட்ட கூச்சலில் வெளியே மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். கஞ்சி மேலங்கியைக் கழற்றி, நாலாக மடித்து, மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். புருஷன் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"எங்க போற? ஊரு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் அதற்கும் நிற்கவில்லை. தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக் கடைக்குள் போனாள். அங்கே இருந்தவர் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையிலிருந்து அவள் கஞ்சிப் பாத்திரம் அந்தக் கடையின் கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில்தான். வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவன் அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த இடத்தை அவளே கேட்டு வாங்கினாள். விடுதிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கஞ்சியின் கையைத் தேடித் தெருவைக் கடந்து வந்தார்கள். வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நல்லாத்தானே இருந்தீங்க, ஏன் பிரிஞ்சு வந்துட்டீங்க?

வேன் எதிரே நிற்கும். கண்ணாடிக்குள் அவன் முகம் தெரியும். கஞ்சி துணியை ஒரு உதறு உதறிவிட்டு, அவனுக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்.

"ஒண்ணுமில்லீங்க. தரை ஈரமா இருந்துச்சு."